இருபது குறைத்து வைத்தவர்

என் அக்காவின் கணவருக்கு நான் மனதுக்குள் வைத்திருந்த பெயர் ‘பரவாயில்லை’. நேரில் அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். காபியில் சர்க்கரை போட மறந்தால் பரவாயில்லை, அவருடைய குடையை யாராவது எடுத்துக்கொண்டு போய்த் திருப்பித் தராவிட்டால் பரவாயில்லை, பஸ்ஸில் அவர் கைக்குட்டை போட்டுப் பிடித்த இடத்தில் வேறொருவன் உட்கார்ந்துகொண்டால் அதுவும் பரவாயில்லை. தங்கமான மனிதர் என்று எல்லோரும் சொல்வார்கள். கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மிதித்தால் வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவரைத் தங்கம் என்று பாராட்டுகிறவர்கள், பெரும்பாலும் அவர் காலின்மேல் நின்றுகொண்டிருப்பவர்கள்தான்.

முதலில் ஏறி நின்றவர் அவருடைய சொந்த அண்ணன், லாரி கம்பெனி முதலாளி. பள்ளிக்கூடம் முடித்த கையோடு அத்தான் அங்கே ஸ்பேர் பார்ட்ஸ் அறையில் உட்கார்ந்தார். தம்பி என்பதால் சம்பளம் குறைவு, தம்பி என்பதால் வேலை அதிகம். நட்டும் போல்ட்டும் பெல்ட்டுமாக அலமாரிகளை அடுக்கி வைத்துக்கொண்டு, மதியத்தில் டிரைவர்களுக்கும் சேர்த்து ஏதாவது சமைப்பார். சமையல் அவர் கைக்கு வந்தது. அதைப் பார்த்துத்தான் அண்ணன்காரர், கம்பெனி வாசலை ஒட்டிச் சும்மா கிடந்த அறையைக் காட்டி, “இங்க ஒரு கடையப் போட்டுக்க. டிரைவருங்க சாப்பாட்டுக்கு வெளிய அலைய மாட்டானுங்க” என்றார். உழைப்பு அத்தானுடையது, அறை அண்ணனுடையது. அக்கா சமையலறையில் கூட நின்றாள். வேறு வேலை கிடைக்காததால் நான் கல்லாவில் உட்கார்ந்தேன்.

கடையோடு சேர்ந்து வந்ததுதான் அந்த ஸ்மோக்கர், புகையில் கறி வேக வைக்கும் அடுப்பு. அண்ணன்காரர் தன் வீட்டுக் கொல்லையில் நண்பர்களுக்குக் கறி சுட்டுப் போட வாங்கியது. ஒரு வருஷம் சுட்டுத் தள்ளிவிட்டு, ஒரு நாள்கூடத் துடைக்காமல், அலுத்துப்போனதும் தம்பி தலையில் கட்டினார். பீப்பாயைப் படுக்க வைத்த மாதிரி இரும்பு உடம்பு, பக்கத்தில் ஒரு தொட்டி. மரத்தூளை அழுத்திச் செய்த சின்ன உருளைகளை, பெல்லட் என்பார்கள், தொட்டியில் கொட்ட வேண்டும். உள்ளே ஒரு திருகு சுழன்று அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருப்புக் கிண்ணத்தில் தள்ளும். ஒரு ஃபேன் காற்றை ஊதும். எத்தனை டிகிரி வேண்டுமோ அத்தனைக்குக் குமிழைத் திருப்பி வைத்தால் போதும். உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் சென்சார் சூட்டைப் பார்த்துச் சொல்ல, மெஷின் தானே தீயைக் கூட்டும், குறைக்கும். மெல்லிய சூட்டில், புகையில், நாள் முழுக்கக் கிடந்து கறி பூவாக உதிரும். அந்தக் கறிக்காகவே கம்பெனிக்குச் சம்பந்தமில்லாதவர்களும் எங்கள் கடையைத் தேடி வந்தார்கள்.

ஆனால் மெஷின் பொய் சொல்லும். சென்சார்மேல் புகையும் கொழுப்பும் அப்பிக் கெட்டியாகப் படிந்திருந்ததால் அதற்குச் சூடு உறைக்கவில்லை. உள்ளே நூற்றுப்பத்து டிகிரி கொதிக்கும்போது அது தொண்ணூறு என்று காட்டும். வந்த புதிதில் கறி காய்ந்து கட்டையாகிக்கொண்டே இருந்தது. அத்தான் கம்பித் தட்டில் தனியாக ஒரு தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்துக் குட்டைக் கண்டுபிடித்தார். அக்கா கடையில் இல்லாத ஒரு நாள் அண்ணன்காரர் சாப்பிட வந்தபோது சூதுவாது தெரியாமல் அதைச் சொல்லவும் செய்தார்.

“அண்ணே, இது சூட்டைத் தப்பா காட்டுதுண்ணே. இருபது டிகிரி வித்தியாசம் வருது.”

அண்ணன்காரர் வாயிலிருந்த எலும்பைத் தட்டில் போட்டுவிட்டுச் சுற்றிலும் பார்த்தார். மேஜை மேஜையாக டிரைவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். “என் கைல இருந்தப்ப ஒழுங்காத்தானேடா காட்டிச்சு? உன் கைக்கு வந்ததும் அதுக்கும் புத்தி கெட்டுப்போச்சா?”

எல்லோரும் சிரித்தார்கள். அத்தானும் கூடச் சேர்ந்து சிரித்தார். அன்றோடு சரி, மெஷினைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை. சென்சாரை மாற்றினால் அண்ணன் கொடுத்தது ஓட்டை என்று சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று, அதை அப்படியே விட்டுவிட்டு, இருபது குறைத்து வைக்கப் பழகிக்கொண்டார். நூற்றுப்பத்து வேண்டுமென்றால் குமிழைத் தொண்ணூறில் வைப்பார். தனி தெர்மாமீட்டர் ஒரு நாள் விழுந்து உடைந்தது. வேறு வாங்கவில்லை, கைப்பழக்கமே போதும் என்றார். ஸ்மோக்கர் பக்கம் வேறு யாரையும் அண்டவிட மாட்டார்.

நான் ஒரு தடவை கேட்டேன். “மெஷினோட வந்த சமையல் அட்டையில நூத்திப்பத்துன்னு போட்டிருக்கு. நீங்க தொண்ணூறுல வைக்கிறீங்களே அத்தான்?”

“உஷ். இது இருபதை மறைக்கிற அடுப்பு, நாமதான் கூட்டிக்கணும். உங்க அக்காகிட்ட ஒளறிடாத சின்னவளே. அண்ணன் வீட்டு வாசல்ல போய் நின்னு சண்டை போடுவா.”

அது உண்மைதான். என் அக்கா அப்படிப்பட்டவள். அண்ணன்காரர் பேச்சை எடுத்தாலே அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். ஆக, கட்டிய மனைவிக்கே தெரியாமல் ஒரு மனிதர் ஒவ்வொரு நாளும் இருபது குறைத்து வைத்துக் கறி சமைத்தார். நன்றாகவே சமைத்தார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த கடைக்கு அண்ணன்காரரின் மருமகன் வடிவில் வந்தது வினை. மருமகனுக்குப் பார்த்த தொழில் எதுவும் ஒட்டவில்லை. சாப்பாட்டுக் கடைதான் தனக்குச் சரிப்பட்டு வரும் என்று மாமனார் காதைக் கடித்துக்கொண்டே இருந்தார். தயாராகக் கூட்டம் வரும் கடை கண்ணெதிரே இருக்கும்போது புதிதாக எதற்கு ஒன்றைத் தேட வேண்டும்? அண்ணன்காரர் ஒரு நாள் கல்லாவுக்குப் பக்கத்தில் வந்து நின்று, நான் ஒருத்தி இருப்பதையே மதிக்காமல் பேசினார்.

“கம்பெனி விருந்து வருதுடா. பெரிய பெரிய பார்ட்டி எல்லாம் வர்றாங்க. சாப்பாடு உன் பொறுப்பு. நல்லா பண்ணிட்டேன்னா இந்த இடத்தை உன் பேருக்கே எழுதிக் குடுத்துடறேன், யாரும் அப்புறம் வாயத் திறக்க முடியாது. சொதப்பினேன்னு வையி, மாப்பிள்ளைகிட்ட விட்டுட வேண்டியதுதான். வீட்டுல என்னை நிம்மதியா இருக்க விடமாட்டேங்கறாங்க.”

“சரிண்ணே” என்றார் அத்தான். இத்தனை வருஷம் உழைத்து உருவாக்கிய கடையை ஒரு வேளைச் சாப்பாட்டில் வைத்துச் சூதாடுகிறார்களே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அக்கா கேட்டிருப்பாள். ஆனால் அவள் கண்ணில் அன்றுதான் ஓர் ஆசையைப் பார்த்தேன். சொந்தமாக ஓர் இடம். யாரும் வந்து எலும்பைத் துப்பிவிட்டுக் கிண்டல் செய்ய முடியாத இடம். அதற்காக அவளும் வாயை மூடிக்கொண்டாள்.

அந்த வாரம் பார்த்து ஸ்மோக்கர் பேயாட்டம் ஆடத் தொடங்கியது. தொண்ணூறில் வைத்தால் எழுபதுக்கு இறங்கும், பிறகு திடீரென்று தீயைக் கொட்டிக்கொண்டு நூற்றிருபதைத் தாண்டும். ஒரு தட்டுக் கறி அடியில் கரியாகிப்போனது. அத்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். நெருப்புக் கிண்ணத்தில் சாம்பல் அடைத்தால் காற்று போகாது என்று அதைச் சுரண்டி எடுத்தார். பெல்லட் ஈரம் குடித்திருந்தால் சரியாக எரியாது என்று தொட்டியைக் காலி செய்து, முறத்தில் சலித்து, தூளையெல்லாம் தள்ளி, புதுமூட்டை பிரித்துக் கொட்டினார். மூடியின் ஓரத்தில் பட்டை கிழிந்து புகை கசிந்த இடத்தை அடைத்தார். எதிர்க்காற்று அடிக்கிறதென்று மெஷினையே சுவரோரமாகத் தள்ளி வைத்தார். சென்சாரை மட்டும் தொடவில்லை. அதைத் தொட்டால் தனக்குப் பழகிப்போன அந்த இருபது போய்விடும், விருந்துக்கு முன்னால் முதலிலிருந்து பழக நேரம் இல்லை. அவர் கணக்கில் அது நியாயம்தான். ஆனால் ஆட்டத்துக்குக் காரணம் அதுதான். பிசுக்கு கூடிக் கூடி, அதற்குச் சூடு உறைப்பதே தாமதமாகிப்போயிருந்தது.

கரியான தட்டைச் சுரண்டிக்கொண்டே அக்கா, “யாராவது மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டலாமேங்க?” என்றாள்.

“வேணாம். சாம்பல் எடுத்துட்டேன்ல, இனிமே நின்னுடும்” என்றார் அத்தான்.

விருந்துக்கு முந்தின நாள் அத்தானும் நானும் கம்பெனி வேனில் குளிர்பதனக் கிடங்குக்குக் கறி எடுக்கப் போனோம். மாட்டு நெஞ்சுக்கறி, ஒவ்வொரு துண்டையும் தூக்கி மடக்கிப் பார்த்து, வளைந்து கொடுப்பதாகப் பார்த்து எடுத்தார். அந்த நேரத்தில் அக்கா மெக்கானிக்கை வரவழைத்திருக்கிறாள். இது எங்கள் இருவருக்கும் அப்போது தெரியாது. பின்னால் அவளே சொல்லித் தெரிந்துகொண்டது.

மெக்கானிக் சென்சாரைக் கழற்றி அவள் கையில் கொடுத்து, “இதை வச்சுக்கிட்டு எப்படிங்க சமைச்சாரு?” என்று கேட்டாராம். புதிதாக ஒன்றை மாட்டி, ஓடவிட்டுப் பார்த்து, “இனிமே எவ்வளவு வைக்கிறீங்களோ அவ்வளவுல நிக்கும்” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பழையதை அக்கா குப்பையில் போட்டாள். அத்தானிடம் மூச்சு விடவில்லை. தன் அடுப்பை இன்னொருத்தன் தொட்டான் என்று தெரிந்தால் மனிதர் விருந்து நாளில் மனம் சுருங்கிவிடுவார் என்று நினைத்தாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த வீட்டில் எல்லோரும் ஒருவர் மனம் இன்னொருவரால் நோகக் கூடாது என்று மறைத்து மறைத்தே வாழ்ந்தார்கள்.

மறுநாள் வெளிச்சம் வருவதற்கு முன்பே அத்தான் கறியை ஏற்றிவிட்டார். சென்சார் பின்பக்க மூலையில் தட்டுக்கு அப்பால் இருக்கும். குனிந்து தேடினால்தான் கண்ணில் படும். அவர் தேடவில்லை. வழக்கம்போல் குமிழைத் தொண்ணூறில் வைத்தார். மெஷின் தொண்ணூறுக்கு ஏறி, அங்கேயே அசையாமல் நின்றது.

“பாத்தியா சின்னவளே! சாம்பலை எடுத்தேன், பெல்லட்டைச் சலிச்சேன். எப்படி அடங்கி நிக்குது பாரு!” அத்தான் அப்படிச் சத்தமாகச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததே இல்லை. அக்கா கதவோரத்தில் நின்று தனக்குள் சிரித்துக்கொண்டாள். ஒரே எண்ணைப் பார்த்து இரண்டு பேருக்கும் பூரிப்பு, ஆளுக்கொரு காரணம்.

மதியம், கறிக்குள் குத்தி அதன் சூட்டை மட்டும் பார்க்கும் முள்ளை விட்டுப் பார்த்தார். அறுபத்தைந்து. வெகுநேரம் கழித்துப் பார்த்தார், அதே அறுபத்தைந்து. பெரிய துண்டுக் கறி பாதி வெந்ததும் வியர்த்துத் தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்ளும்; சூடு ஏறாமல் மணிக்கணக்கில் அப்படியே நிற்கும். அத்தான் அதற்கு வைத்த பெயர் ‘அடம்’. அடம் பிடிக்கும் நேரத்தில் பதறித் தீயைக் கூட்டுகிறவன் கறியைக் கெடுப்பான் என்பது அவர் எனக்குப் பல தடவை சொன்னது.

“மூடியில கை வைக்க முடியுது அத்தான். எப்பவும் சுடுமே?” என்றேன்.

“காத்து அடிக்குது. மேல்தகடு ஆறிப்போயிருக்கும். உள்ள நூத்திப்பத்து இருக்கு. அடம் பிடிக்குது, விடு. தானா வழிக்கு வரும்.”

சாயங்காலம் நெருங்கியும் வழிக்கு வரவில்லை. கம்பெனி ஹாலில் விருந்துக்கு நாற்காலி போடும் சத்தம் கேட்கத் தொடங்கியபோதுதான் அத்தான் முகம் மாறியது. குமிழைத் திருப்பு திருப்பென்று திருப்பி மேலே ஏற்றினார். மேல்தோல் கறுத்தது, உள்ளே கறி அப்படியே இருந்தது. நறுக்கும்போது கத்தியை ரம்பம்போல் முன்னும் பின்னும் இழுக்க வேண்டியிருந்தது. நான் பார்க்கச் சகிக்காமல் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

விருந்தாளிகள் நாகரிகமானவர்கள், யாரும் எதுவும் சொல்லவில்லை. மென்றார்கள், மென்றார்கள், மென்றுகொண்டே இருந்தார்கள். ஒரு பெரியவர் வாயில் இருந்ததைக் காகிதத்தில் மடித்துத் தட்டின் கீழே தள்ளி வைத்தார். அண்ணன்காரர் எழுந்து நின்று நிலைமையைச் சமாளித்தார்.

“கறிய வேக வைக்கச் சொன்னா என் தம்பி வெந்நியில குளிப்பாட்டி அனுப்பியிருக்கான்!”

ஹாலே சிரித்தது. வாசலில் தட்டோடு நின்ற அத்தானும் சிரித்தார். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. எல்லோரும் போனபின் அண்ணன்காரர் மருமகனைத் தோளில் கைபோட்டு அழைத்துவந்து, “வர்ற மாசம் மாப்பிள்ளை சாவி வாங்கிக்குவாரு. நீயும் கூட இருந்து ஒத்தாசை பண்ணு” என்றார். பிறகு ஸ்மோக்கரைத் தட்டிக் காட்டினார். “நான் குடுத்தப்ப நல்லாத்தானேடா இருந்துச்சு?”

“அடுப்புல ஒண்ணும் இல்லண்ணே. என் கைதான் தப்பு” என்றார் அத்தான்.

பாத்திரம் கழுவும் இடத்தில் அக்கா வெடித்தாள். இத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது. “ஒண்ணும் இல்லாமத்தான் இருந்துச்சு! மெக்கானிக்கை வரவச்சு, புது சென்சார் மாட்டி, கண்ணாடி மாதிரி ஆக்கி வச்சேன் நான். அப்பவும் உங்களால ஒரு கறிய வேக வைக்க முடியலையா? இவ்வளவுதானா உங்க கைப்பக்குவம்?”

அத்தான் போய் ஸ்மோக்கரின் மூடியைத் தூக்கினார். குனிந்து மூலையைப் பார்த்தார். புத்தம் புது சென்சார் பளபளவென்று நீட்டிக்கொண்டிருந்தது. தொண்ணூறு என்று காட்டியபோது உள்ளே தொண்ணூறுதான் இருந்தது. மெஷின் முதல் தடவையாக உண்மை சொல்லியிருக்கிறது, அவர் வழக்கம்போல் இருபதைக் கூட்டிக்கொண்டு நம்பாமல் இருந்திருக்கிறார். எனக்கும் அந்த நொடியில்தான் விளங்கியது.

“அக்கா, அவரு எப்பவும் இருபது—” என்று ஆரம்பித்தேன்.

“சின்னவளே, அந்தத் தட்டையெல்லாம் எடுத்துக்கிட்டு வெளிய வா” என்று அத்தான் என் பேச்சை வெட்டினார். வெளியே தண்ணீர்த் தொட்டியருகே நிறுத்தி மெதுவாகச் சொன்னார். “சொல்லாத. சொன்னா அவதான் கெடுத்தான்னு ஆயிடும். நல்லது நினைச்சுப் பண்ணியிருக்கா. காலம் பூரா அவளால அதைத் தாங்க முடியாது.”

“உங்களால தாங்க முடியுதா?”

“எனக்குப் பரவால்லம்மா.”

தட்டை அவர் தலையில் போட்டு உடைக்கலாம் போல இருந்தது எனக்கு. ஆனால் தலையாட்டிவிட்டு வந்தேன்.

மருமகன் கடையை எடுத்ததும் ஸ்மோக்கருக்குச் சம்பளத்துக்கு ஓர் ஆளைப் போட்டார். அந்த ஆள் அட்டையைப் பார்த்து நூற்றுப்பத்தில் வைத்தார், நூற்றுப்பத்து நின்றது, கறி பூவாக உதிர்ந்தது. அத்தானுக்கு வெங்காயம் உரித்துக் கொடுக்கும் வேலை. “பாத்தியா, அதே அடுப்புதான்!” என்று அண்ணன்காரர் வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் காட்டினார். அக்காவும் அதைப் பார்த்தாள். அவள் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவரை மரியாதையாகவே நடத்தினாள்; ஆனால் எந்தக் காரியத்துக்கும் அவரை நம்புவதை விட்டுவிட்டாள். அவர் கதவைப் பூட்டினால் போய் இழுத்துப் பார்ப்பாள். அவர் உப்புப் போட்டதை ருசி பார்க்காமல் பரிமாற மாட்டாள்.

எத்தனை நாளைக்குத்தான் பொறுப்பது? ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அத்தான் அடுப்பில் ஏதோ கிளறிக்கொண்டிருந்தார். கூடத்தில் துணி மடித்துக்கொண்டே அக்கா, “இவரு கையில ஒண்ணும் இல்லடி. இத்தனை வருஷம் அந்த மெஷின்தான் சமைச்சிருக்கு, நான்தான் இவருன்னு நினைச்சுட்டேன்” என்றாள். எனக்குத் தாங்கவில்லை. ஒன்று விடாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்: பழைய சென்சார் இருபது குறைத்துக் காட்டியது, அவர் இருபது குறைத்து வைத்தது, அவள் புதிதாக மாட்டியது தெரியாமல் அன்றும் அப்படியே வைத்தது, என்னிடம் சத்தியம் வாங்காத குறையாகக் கெஞ்சியது.

அக்காவின் கையில் இருந்த துணி அப்படியே நின்றது. முகம் வெளுத்துப்போனது. எழுந்து சமையலறை வாசலுக்குப் போனாள். நானும் பின்னால் போனேன்.

“இவ சொல்றது உண்மையாங்க? நான் மாத்தினதாலதான் கெட்டுச்சா?”

அத்தான் திரும்பி முதலில் என்னைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவள் உதடு துடித்துக்கொண்டிருந்தது.

“இருபதும் இல்ல முப்பதும் இல்ல” என்று சிரித்தார். “என்னைக் காப்பாத்தணும்னு இவளா கட்டிவிடறா. அன்னிக்கு நான் சரியா கவனிக்கல, அவ்வளவுதான்.”

அக்கா நீளமாக ஒரு மூச்சு விட்டாள். அது நிம்மதி என்று எனக்குத் தெரிந்தது. “இவருக்கு வக்காலத்து வாங்கறதுக்குன்னு ஒரு பொய்யாடி?” என்று என்னைக் கடிந்துகொண்டாள். அப்படியே அடுப்பருகே போய், அவர் வைத்திருந்த தீயைக் குனிந்து பார்த்தாள்.

“தள்ளுங்க, நான் பாத்துக்கறேன்.”

தீ சரியாகத்தான் இருந்தது. அத்தான் கரண்டியை அவள் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றார்.